இரண்டு முப்பத்தொன்று

டிசம்பர் 23

பூசானை விட்டுக் கிளம்பியாகிவிட்டது. கொரியாவில் நிலக்கரியை இறக்கிவிட்டு, கனடாவில் கோதுமை ஏற்றக் காலியாகப் போகிறோம். காலிக் கப்பல் என்றால் ஆட்டம் அதிகம். குழம்பைப் பாத்திரத்தில் பாதிதான் வைக்க முடியும், மீதி சுவருக்குப் போய்விடும். இனி இரண்டு வாரத்துக்கு மேல் கரை கிடையாது.

மாற்று ஆள் வரவில்லை. என் ஒன்பது மாத ஒப்பந்தம் முடிந்துவிட்டது, மேலும் இரண்டு மாதம் நீட்டிப்பு. இருபத்து நாலு வருஷமாகக் கப்பலில் சமைக்கிறேன், இதெல்லாம் சகஜம். ஸ்டெல்லாவுக்கு மெசேஜ் போட்டேன்: "கம்பெனி விடவில்லை. ரெனி கல்யாணத்துக்கு வர முடியாது. லிகோரி மச்சான் அவளைக் கைபிடித்துச் சர்ச்சுக்குள் கூட்டிப்போகட்டும்." மகள் கல்யாணத்தைப் பற்றி மனைவிக்கு இதைவிட நீளமாக எழுத என்ன இருக்கிறது. அனுப்பிவிட்டு வெங்காய மூட்டைகளை அடுக்கினேன். கொரிய வெங்காயம் பார்க்கத்தான் பெரிசு, காரமே இல்லை.

டிசம்பர் 24

இரவுச் சாப்பாடு முடிந்ததும் ஒலிபெருக்கியில் இலக்கியாவின் அறிவிப்பு: கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி வைக்கவும். இலக்கியா எங்கள் செகண்ட் ஆபீசர், நாமக்கல் பிள்ளை. என் மகளைவிட ஒரு வயசு கூட இருக்கும். கப்பல் போகும் வழியைக் குறிப்பதும் கடிகாரங்களைத் திருத்துவதும் அவள் பொறுப்பு. என்னைத் தவிர இங்கே தமிழ் பேசுகிற ஒரே ஆள்.

கிழக்கே போகிற கப்பலுக்கு இது ஒரு தண்டனை. சூரியனை எதிர்த்து ஓடுவதால் இரண்டு மூன்று நாளுக்கு ஒரு தடவை ஒரு மணி நேரம் காணாமல் போய்விடும். மற்றவர்களுக்கு அது எங்கிருந்து போகிறதோ, விடிவதற்குள் எழுந்து மாவு பிசைகிறவனுக்குத் தூக்கத்திலிருந்து போகிறது.

"ஏம்மா, பிடுங்கின மணியெல்லாம் எப்பத் திருப்பித் தருவ?" என்று கேட்டேன்.

"முப்பத்தொண்ணாந்தேதி மொத்தமா தர்றனுங்கண்ணா. தேதிக் கோட்டைத் தாண்டறப்ப ஒரு நாள் முழுசா ரெண்டு தடவை வருமுங்க. வட்டியும் முதலுமா வாங்கிக்கங்க."

பசிபிக்கின் நடுவில், வரைபடத்தில் மட்டும் இருக்கிற கோடு அது. கோட்டுக்கு இந்தப் பக்கம்தான் உலகத்திலேயே முதலில் தேதி மாறும். அந்தப் பக்கம் எல்லாருக்கும் கடைசியில். இங்கிருந்து அங்கே தாண்டினால் இன்றைய தேதியே மறுநாளும் வரும். நான் பல தடவை தாண்டியிருக்கிறேன். வருஷக் கடைசியில் தாண்டுவது இதுதான் முதல் தடவை.

டிசம்பர் 25

கிறிஸ்துமஸ். கோழி வறுத்தேன். கேக் ஒரு பக்கமாகச் சரிந்து வெந்துவிட்டது. கப்பல் சாய்ந்தபோது மாவும் சாய்ந்திருக்கிறது. போசன் தாமோதர் கேக்குக்கும் கடல் மயக்கமா என்று கேட்டுவிட்டு நாலு துண்டு தின்றான். போசன் என்றால் மேல்தளத்து ஆட்களுக்கு மேஸ்திரி. ரத்னகிரிக்காரன், வாய் சும்மா இருக்காது.

சாப்பாட்டு அறையில் வைஃபை பெயருக்கு இருக்கிறது. மெசேஜ் போகும், குரல் போகாது. பேச வேண்டுமானால் மேலே பிரிட்ஜுக்கு, அதாவது கப்பலை ஓட்டுகிற அறைக்குப் போய் சாட்டிலைட் போனில்தான் பேச வேண்டும். கீழே நின்று மெசேஜ்களை இறக்கிக்கொண்டு, வைஃபையை அணைத்துவிட்டுத்தான் படிப்பேன். அப்போதுதான் நான் படித்தது அந்தப் பக்கம் தெரியாது. இந்த வித்தையை எனக்குச் சொல்லிக்கொடுத்ததே என் மகள்தான்.

அவளிடமிருந்துதான் மெசேஜ். "அப்பா, ஹேப்பி கிறிஸ்துமஸ். ஒண்ணாந்தேதி சாயங்காலம் நாலரைக்குக் கல்யாணம். அதுக்கு முன்னாடி உங்க வாயால சரின்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. வேற ஒண்ணும் வேண்டாம்ப்பா."

கேக் தட்டைக் கழுவ ரொம்ப நேரமாயிற்று.

டிசம்பர் 26

மழை. பருப்பு, முட்டைக்கோஸ் பொரியல், மீன் வறுவல். "சரி" என்று தட்டினேன். அழித்தேன். வாயால் சொல்லத்தானே கேட்டிருக்கிறாள்.

டிசம்பர் 27

நேற்று இரவிலிருந்து புயல். வெளியே போகும் கதவுகளை எல்லாம் இறுக்கிப் பூட்டிவிட்டார்கள், யாரும் மேல்தளத்தில் கால் வைக்கக் கூடாது. என் அறை ஜன்னலை இரும்பு மூடியால் அடைத்தாகிவிட்டது. பகலா இரவா என்று கடிகாரம் சொன்னால்தான் தெரியும். அந்தக் கடிகாரத்தையும் இன்றைக்கு இன்னொரு மணி நேரம் தள்ளிவிட்டார்கள். அடுப்பில் பாத்திரங்களைக் கம்பி போட்டுக் கட்டி, ஒரு கையால் அடுப்பையும் மறு கையால் கரண்டியையும் பிடித்துக்கொண்டு கஞ்சி வைத்தேன். மூச்சு முட்டுகிறது. கடலில் எனக்கு இப்படி எப்போதும் ஆனதில்லை.

கேப்டன் பிந்த்ரா சமையலறைக்கே வந்து கஞ்சி குடித்தார். பஞ்சாபி, நல்ல மனுஷன். "நீயே இன்னும் இரண்டு மாதம் இருக்கிறேன் என்று சொன்னது எனக்குப் பெரிய உதவி, குக். புது ஆள் பூசான் ஓட்டலில் இரண்டு நாள் உட்கார்ந்துவிட்டுத் திரும்பிப் போனானாம், பாவம்" என்றார்.

கஞ்சிக்கு உப்பு சரியாக இருக்கிறதா என்று கேட்டேன். சரியாக இருக்கிறது என்றார்.

டிசம்பர் 28

கப்பலில் இன்றைக்குப் பெரிய வழக்கு. எந்தத் தேதி இரண்டு தடவை வர வேண்டும் என்பதை முடிவு செய்வது கேப்டனின் உரிமை. கோட்டை ஒட்டி ஒரு நாள் முன்னே பின்னே வைத்துக்கொள்ளலாம். போசன் தலைமையில் ஒரு கும்பல் போய், ஜனவரி ஒன்றை இரண்டு தடவை வைக்கச் சொல்லிக் கேட்டிருக்கிறார்கள். இரண்டு விடுமுறை, இரண்டு விருந்து. நான் ஓடிப்போய், குளிர் அறையில் இருப்பது ஒரே ஒரு ஆட்டுத்தொடை, இரண்டாவது புது வருஷத்துக்கு முட்டைக்கோஸ்தான் என்றேன். கேப்டன் சிரித்துவிட்டு முப்பத்தொன்றையே இரண்டு தடவை வைத்துவிட்டார். போசன் சாயங்காலம் வரை என்னோடு பேசவில்லை.

இலக்கியா ஒரு ஆரஞ்சை எடுத்து எல்லாருக்கும் விளக்கினாள். புது வருஷம் பூமியைச் சுற்றி வர ஒரு நாளுக்கு மேல் எடுத்துக்கொள்கிறதாம். பசிபிக்கில் கிரிபாட்டி என்கிற தீவுக்காரர்களுக்கு முதலில் பிறக்கும். அப்போது நம் ஊரில் மதியம் மூன்றரை மணிதான். பிறகு நியூசிலாந்து, ஜப்பான், நம் ஊர், லண்டன், அமெரிக்கா என்று போய், கடைசியில் ஆள் இல்லாத இரண்டு தீவுகளில் முடியும்.

"முப்பத்தொண்ணாந்தேதி ராத்திரி நாம முதல் வரிசையிலதாங்க நிப்போம். பன்னெண்டு அடிச்சா கோட்டுக்கு அந்தப் பக்கம், கடைசி வரிசைக்குப் போயிருவோம்" என்றாள்.

ரேஷன் கடையில் முதல் ஆளாக நின்றுவிட்டு, கடை திறக்கிற நேரம் பார்த்துக் கடைசிக்குத் துரத்தப்படுகிற மாதிரி. என் ராசிக்குப் பொருத்தம்தான்.

டிசம்பர் 29

ஸ்டெல்லாவின் குரல் மெசேஜ் வந்திருந்தது. கம்பெனி ஆபீசில் போய் விசாரித்திருக்கிறாள். "ரெனிகிட்ட நான் சொல்லல. நீங்களே சொல்லிக்கிடுங்க" என்று முடிகிறது. மற்றது குடும்ப விஷயம்.

எனக்கும் ஒரு நியாயம் இருக்கிறது. அதை யாரும் கேட்காததால் இங்கே எழுதுகிறேன். அந்தப் பையனை நான் குறை சொல்லவில்லை. பெயர் கிஃப்ட்சன். கேட்டால் பரிசுப்பொருள் கடை மாதிரி இருக்கிறது, அது அவன் தப்பு இல்லை. எங்கள் தூத்துக்குடிப் பக்கத்து நாசரேத்துக்காரன், கணக்கு வாத்தியார். அவர்கள் சி.எஸ்.ஐ., நாங்கள் ஆர்.சி. சாதியும் வேறு. அதையெல்லாம்கூட நான் விழுங்கிவிட்டேன். ஆனால் அவர்கள் சர்ச்சில்தான் கல்யாணம் என்று எல்லாரும் கூடி முடிவு செய்துவிட்டு, கடைசியில் எனக்குப் போனில் சொன்னார்கள். நடுக்கடலில் இருக்கிறவனுக்குத் தகவல் போதும் என்று நினைத்துவிட்டார்கள் போல.

அந்தச் சர்ச்சில் மாதா சுரூபம்கூடக் கிடையாது. இத்தனை வருஷமும் தூத்துக்குடியில் மாதா காலடியில் பெண்டாட்டியையும் பிள்ளையையும் ஒப்படைத்துவிட்டுத்தான் கப்பலேறினேன். ரெனி பிறந்தபோது ஆப்பிரிக்காவில் இருந்தேன். அவள் முதன்முதலாக நற்கருணை வாங்கிய புதுநன்மையன்று பிரேசிலில். அவள் டிகிரி வாங்கிய அன்றைக்கு எங்கே இருந்தேன் என்று மறந்துவிட்டது. கல்யாணத்தன்று ஒரு நாள், எங்கள் கோயிலில், என் கையைப் பிடித்து நடந்து வருவாள் என்று நினைத்திருந்தேன். அது இல்லை என்றதும் போனில் கத்திவிட்டேன். அந்தச் சர்ச் வாசலை மிதிக்க மாட்டேன் என்றேன்.

சொன்ன சொல்லைக் காப்பாற்றியாகிவிட்டது. இப்போது மிதிக்க ஆசைப்பட்டாலும் நாலு பக்கமும் தண்ணீர்தான். எங்கே நடந்தாலும் அறுபது எட்டில் ஒரு இரும்புச் சுவர் வந்துவிடுகிறது.

டிசம்பர் 30

பிரிட்ஜுக்குப் போனேன். போன் சும்மாதான் இருந்தது. இலக்கியா என்னைப் பார்த்தாள். டீ வேண்டுமா என்று கேட்டுவிட்டு இறங்கி வந்துவிட்டேன். இன்னொரு மணி நேரமும் போயிற்று.

டிசம்பர் 31

நாளைய விருந்துக்கு ஆட்டுத்தொடையில் மசாலா தடவி வைத்தேன். நாளைக்கும் இதே தேதிதான், ஆகவே விருந்து நாளை இரவு. இன்று கப்பலில் யாரும் புது வருஷத்தைப் பற்றிப் பேசவில்லை. பன்னிரண்டு அடித்தால் மறுபடி முப்பத்தொன்றுதானே.

போன் பேச வரிசைப் பட்டியல் ஒட்டியிருந்தார்கள். பெயர் எழுதப் பேனாவை எடுத்தேன். என்ன சொல்வது என்று யோசித்தேன். சரி என்று மட்டும் சொல்லி வைத்துவிட முடியாது. பூசானில் ஏன் இறங்கவில்லை என்று அவள் கேட்பாள். பேனாவை மூடிவிட்டேன். அவசரம் ஒன்றும் இல்லை. மகள் கல்யாணத்துக்கு முந்தின நாள் எல்லா அப்பன்மாருக்கும் ஒரு தடவைதான் வரும், எனக்கு இரண்டு தடவை வருகிறது. நாளைக்குச் சாவகாசமாகப் பேசிக்கொள்ளலாம்.

பூசானை விட்ட பிறகு இன்றைக்குத்தான் நன்றாகத் தூக்கம் வருகிறது.

டிசம்பர் 31, மறுபடியும்

காலையில் பூரி போட்டுக்கொண்டிருந்தேன். சாப்பாட்டு அறையில் திடீரென்று ஒரே கூச்சல். போசன் ஓடி வந்து எண்ணெய்க் கரண்டியோடு என்னைக் கட்டிப்பிடித்தான். "ஹேப்பி நியூ இயர், குக் சாப்."

"இன்றைக்கு முப்பத்தொன்றுதானே. உன் குசும்புக்கு ஒரு அளவில்லையா" என்றேன்.

"இங்கேதான் முப்பத்தொன்று. ஊரில் இப்போதுதான் பன்னிரண்டு அடித்தது. ரத்னகிரியில் வெடி போடுகிறார்கள், பார்" என்று போனைக் காட்டினான்.

எண்ணெயில் கிடந்த பூரி கருகிப்போனது. தெரியாமல் செய்தேன் என்று சொல்ல முடியாது. கோட்டைத் தாண்டினால் கப்பலுக்குத்தான் நாள் திரும்ப வரும், தூத்துக்குடிக்கு வராது. முதல் தடவை கப்பலேறின பையனுக்கும் தெரிந்த விஷயம் அது. ஆனால் கப்பல் தேதியில் சமைத்து, கப்பல் தேதியில் தூங்கி, என் மகளையும் கப்பல் தேதிக்குள்ளே கொண்டுவந்து வைத்துவிட்டேன். அவளுக்குக் கல்யாணத்துக்கு முந்தின நாள் முடிந்துவிட்டது. இன்றைக்குக் கல்யாணம். அங்கே நாலரை என்றால் இங்கே இரவு பதினொன்று. பயந்துபோனேன்.

உடனே "சரி" என்று மெசேஜ் அனுப்பினேன். எல்லாரும் ஒரே நேரத்தில் வாழ்த்து அனுப்புகிறார்கள் போல, ஒற்றை டிக்கோடு நின்றுவிட்டது. மத்தியானச் சாப்பாட்டை எப்படியோ முடித்துவிட்டு மேலே ஓடினேன். இலக்கியாதான் பணியில் இருந்தாள்.

"போனே வேலை செய்யலீங்கண்ணா. லிஸ்ட்ல இருக்கறவிங்க எல்லாரும் வந்து வந்து திரும்பிப் போறாங்க. நாம இப்ப போற திசைக்குப் பொகைபோக்கி சாட்டிலைட்டை மறைச்சுக்குது. நாளைக்குத் திசை மாத்தறப்ப தானா சரியாயிருமுங்க."

"நாளைக்கு வேணாம்மா. இன்னைக்கு வேணும்."

"அப்படி என்னங்கண்ணா அவசரம்?"

"ரெனிக்கு இன்னைக்குக் கல்யாணம்."

அவள் கையில் இருந்த பென்சிலைக் கீழே வைத்தாள். இந்தக் கப்பலில் நான் யாரிடமும் இதைச் சொன்னதில்லை. மகள் கல்யாணத்தை விட்டுவிட்டு இங்கே ஏன் இருக்கிறாய் என்று கேட்பார்கள் அல்லவா. அவள் கேட்கவில்லை.

"கேப்டன் சொன்னா ஒரு பத்து டிகிரி திருப்பலாமுங்க. அலை பக்கவாட்டுல அடிக்கும், கப்பல் உருளும். அவருகிட்ட நீங்களே கேக்கோணும்" என்றாள்.

கேப்டன் அறை வாசலில் ரொம்ப நேரம் நின்றேன். உள்ளே போய் விஷயத்தைச் சொன்னதும் அவர் முதலில் கேட்டது, பூசானில் ஏன் சொல்லவில்லை என்பதைத்தான். தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். அவருக்கும் இரண்டு பெண் பிள்ளைகள். "இப்போது கடல் மோசம், இருட்டினால் கொஞ்சம் அடங்கும். பத்தரைக்கு மேல் அரை மணி நேரம் திருப்புகிறேன். அதற்கு மேல் கேட்காதே" என்றார்.

அதற்குப் பிறகு எப்படிச் சமைத்தேன் என்று தெரியவில்லை. பிரியாணி, கோழி வறுவல், சேமியா பாயசம். சாப்பாட்டு அறையில் கலர் காகிதம் கட்டிப் பாட்டுப் போட்டிருந்தார்கள். எல்லாரும் பன்னிரண்டு மணிக்காகக் காத்திருந்தார்கள். நான் பதினொன்றுக்காக.

பத்தரைக்குப் பிரிட்ஜில் கப்பலைத் திருப்பினார்கள். உடனே கப்பல் ஒரு பக்கமாகப் படுத்து எழுந்தது. கீழே தட்டுகள் சரிந்து உடைகிற சத்தமும் போசனின் மராத்தி வசவும் மேலே வரைக்கும் கேட்டன. போனில் சிக்னல் உடனே வரவில்லை. கப்பல் இரண்டு மூன்று தடவை உருண்ட பிறகுதான் வந்தது. முதலில் ஸ்டெல்லாவைக் கூப்பிட்டேன், எடுக்கவில்லை. லிகோரி எடுக்கவில்லை. ரெனியின் எண்ணுக்கு அடித்தேன். நான் விழாமல் இருக்க இலக்கியா என் முதுகில் கையை ஊன்றிப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"ஹலோ, மாமா." ஆண் குரல்.

"யாரு?"

"கிஃப்ட்சன் பேசுதேன் மாமா."

அந்தக் குரலை அதுவரை நான் கேட்டதில்லை. கேட்க மாட்டேன் என்று சொல்லியிருந்தேன்.

"ரெனி எங்க?"

"இன்னும் கார்லதான் வந்துட்டு இருக்கா. நான் சர்ச்சுக்குள்ள முன்னால நிக்கேன். போனை நேத்தே என்கிட்ட குடுத்துட்டா மாமா. அப்பா கூப்பிடுவாவ, எங்க இருந்தாலும் நீங்க எடுங்கன்னு சொன்னா."

"நேத்து நான் கூப்பிடலயே."

"நானும் அதத்தான் சொன்னேன். அவ டெய்லி உங்க கப்பல் எங்க போகுதுன்னு மேப்புல பாப்பா. அப்பா கோட்டைத் தாண்டிட்டாவ, அவியளுக்கு இன்னும் முப்பத்தொண்ணு முடியல, ராத்திரி வரைக்கும் நேரம் இருக்குன்னு சொல்லிட்டா."

பேச்சு போய்ச் சேர ஒரு நொடி, திரும்பி வர ஒரு நொடி. அந்த இடைவெளியில் எனக்கு அழுகை வந்துவிட்டது.

"மாமா, லைன்ல இருக்கீயளா?"

"இருக்கேன்."

"உங்களுக்கு இஷ்டம் இல்லன்னா இப்பவே சொல்லிருங்க. அதுக்காகக் கல்யாணம் நிக்காது. ஆனா அவ என்கிட்ட கேட்டா நான் பொய் சொல்ல மாட்டேன்."

முன்பு என்றால் இந்தப் பேச்சுக்கு எனக்கு எப்படிக் கோபம் வந்திருக்கும். இப்போது வரவில்லை. என் மகளிடம் பொய் சொல்ல மாட்டேன் என்கிறான். நான் சொன்னேன், கம்பெனி விடவில்லை என்று.

"எனக்கு இஷ்டந்தான் மாப்ள" என்றேன். "பூசான்ல நான் இறங்கியிருக்கலாம். இறங்கல. அதையும் அவகிட்ட சொல்லணும். நானே சொல்லணும்."

லைன் போய்விட்டதோ என்று நினைத்தேன். பிறகு ஆர்மோனியம் போல ஏதோ கேட்டது.

"மாமா, அவ வாசலுக்கு வந்துட்டா, பாட்டு ஆரம்பிச்சிட்டாவ. நான் வைக்கல. கோட்டுப் பையில போட்டுக்கிடுதேன். நீங்க இருங்க."

துணி உரசுகிற சத்தம். அதற்குப் பின்னால் நிறைய பேர் சேர்ந்து பாடினார்கள். என்ன பாட்டு என்று தெரியவில்லை, எங்கள் கோயிலில் அது கிடையாது. போனைக் காதோடு அழுத்திக்கொண்டு கண்ணை மூடினேன். அவள் நடந்து வருவாள். லிகோரிக்கு முட்டி வலி, மெதுவாகத்தான் வருவான். சிலுவைக்குறி போட்டுக்கொண்டேன். கப்பல் சாய்ந்தது, இலக்கியா பிடித்தாள், கப்பல் நிமிர்ந்தது.

பாட்டு நின்றது. போதகர் ஏதோ வாசித்தார். பாதி வார்த்தைதான் வந்தது. கேப்டன் வாசலில் நின்று கடிகாரத்தைப் பார்த்தார். அரை மணி நேரம் எப்போதோ முடிந்திருந்தது. ஆனால் அவர் கப்பலைத் திருப்பச் சொல்லவில்லை.

பிறகு போதகரின் குரல் மட்டும் தெளிவாக வந்தது. "இந்தப் பெண்ணை இந்தப் புருஷனுக்கு விவாகம் பண்ணிக் கொடுக்கிறது யார்?"

அவர்கள் வழக்கத்தில் இப்படிக் கேட்பார்கள் என்று எனக்குத் தெரியாது. எங்கள் கோயிலில் யாரும் கேட்க மாட்டார்கள். தெரிந்திருந்தால் என்ன செய்திருப்பேனோ.

"நான்" என்றேன்.

சத்தமாகவே சொல்லிவிட்டேன். சுக்கான் அருகே நின்ற ஆள் திரும்பிப் பார்த்தான். அந்தப் பக்கம் லிகோரி இருமிக்கொண்டு ஏதோ சொன்னது கேட்டது. அத்தோடு லைன் அறுந்துவிட்டது. லிகோரி சொல்லி முடித்த பிறகுதான் என் குரல் அங்கே போய்ச் சேர்ந்திருக்கும், அதுவும் ஒரு கோட்டுப் பைக்குள்ளே. கேப்டன் கப்பலைப் பழைய திசைக்குத் திருப்பச் சொன்னார். கீழே போய்ப் பாயசத்தைச் சுட வைத்தேன்.

ஜனவரி 1

பன்னிரண்டு மணிக்குக் கப்பல் சங்கு ஊதினார்கள். உலகத்திலேயே கடைசியாகப் புது வருஷத்துக்குள் நுழைந்தவர்கள் நாங்கள்தான் என்று இலக்கியா சொன்னாள்.

போசன் மூன்றாவது தடவை பிரியாணி கேட்டு வந்தான். இது என் மகள் கல்யாணச் சாப்பாடு என்றேன். எப்போது கல்யாணம் என்று கேட்டான்.

"நேற்று."

"நேற்று முப்பத்தொன்று. அதற்கு முந்தின நாளும் முப்பத்தொன்று."

"கல்யாணம் ஒன்றாம் தேதி நடந்தது."

தலையைச் சொறிந்துகொண்டு நின்றான். பிறகு தட்டைக் கீழே வைத்துவிட்டு என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டான். உடைந்த தட்டுகளைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

காலையில் கேப்டனிடம் போய், கனடாவில் இறங்கிக்கொள்கிறேன் என்றேன். பூசானில் திரும்பிப் போன அதே ஆளை வரவழைக்க முடியுமா என்று கம்பெனிக்குக் கேட்டு எழுதினார். கரைக்கு இன்னும் ஒரு வாரம் இருக்கிறது. ஜன்னலின் இரும்பு மூடியைக் கழற்றச் சொல்லவில்லை. வெளியே பார்க்க வேறு என்ன இருக்கிறது, இந்தத் தண்ணீர்தான்.

மத்தியானம் அரிசி களைந்துகொண்டிருந்தபோது போனில் மெசேஜ் வந்து விழுந்தது. ஈரக் கையோடே எடுத்துப் படித்தேன்.

"அப்பா, நான் அவங்க பக்கத்துலதான் நின்னேன். கேட்டுச்சு."